இருபத்தொரு நாள்

சேவல் வந்தது செவ்வாய்க்கிழமைப் படகில்,
சலவைத்தூள் அட்டைப்பெட்டிக்குள்.
காற்றுக்குக் குத்திய துளைகளில்
ஒன்றில் மட்டும் ஒரு கண்.
விலை இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு.
அதில் ஒன்று பாதி அழுகல் என்பது
ரெமிஹியோவுக்கு இன்னும் தெரியாது.

ஒடில்யாவின் கொல்லையில் நான்கு பெட்டைகள்,
வாலில்லாத இனம், இடுவது நீல முட்டை.
சிலோயே தீவில் அது அதிசயமில்லை.
இங்கே அதிசயம்
மூன்று நாள் சேர்ந்தாற்போல் மழை விடுவது.
நான்கு வருடம் ஆணில்லாமலே
இட்டன, கேறின,
யார் முதலில் தின்பது என்பதற்கு
ஒரு சட்டமும் வைத்திருந்தன.

பெட்டி திறந்ததும்
ஒரு காலைத் தூக்கியபடி நின்றது.
வேலி, விறகுக்கட்டு, ஒடில்யா
என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது,
வாடகை வீடு பார்க்க வந்தவன் மாதிரி.
பிறகு ஒற்றைச் சிறகைத் தாழ்த்தி
மண்ணைக் கீறியபடி பக்கவாட்டில் ஓர் ஆட்டம்.
மூத்தவள் பெயர் நோட்டரி,
எதையும் இரண்டு தடவை பார்த்துத்தான் கொத்துவாள்.
பார்த்தாள். பார்த்தாள்.
கொண்டையிலேயே போட்டாள்.
பத்திரம் பதிவாயிற்று.

அது மிதிக்க, பெட்டை அலற,
துடைப்பத்தோடு ஓடினாள் ஒடில்யா.
பாதி வழியில் நின்றாள்.
எதற்கென்று வரவழைத்தோமோ
அதைத்தானே செய்கிறது.
கையிலிருந்த துடைப்பத்துக்கு
ஏதாவது காரணம் வேண்டுமே என்று
மழைச்சேற்றைப் பெருக்கினாள்.

பத்தாம் நாள் காலை
எண்ணெய் காய்ந்த சட்டியில் ஒரு முட்டை உடைத்தாள்.
மஞ்சள் கருவின் மேல் எப்போதுமுள்ள வெள்ளைப் புள்ளி.
இன்று அதைச் சுற்றி மெல்லிய வளையம்,
தொட்டித் தண்ணீரில்
ஒரே ஒரு துளி விழுந்தது போல.
அடுத்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
"பொரிக்கவா?" என்றாள்.
"வேறெதற்கு முட்டை?" என்றான் நெஸ்தோர்.
ஒரே சொல்தான்.
அடுப்புதான் வேறு.

அவனுக்கு வேலை சால்மன் மீன் கூண்டுகளில்.
பதினான்கு நாள் கடல், ஏழு நாள் வீடு.
அவன் பையைத் தோளில் போட்ட அன்று
நோட்டரி கூட்டை விட்டு எழவில்லை.
உடம்பு தோசை போல் பரந்திருந்தது.
கை நீட்டினால் கெட்டில் கொதிக்கும் சத்தம்.
ஒன்பது முட்டைகளில்
ஒடில்யா பென்சிலால் போட்டாள்
ஒன்பது பெருக்கல் குறி.

எட்டாம் இரவு, செல்போன் வெளிச்சம்.
நீல ஓடு சீக்கிரம் எதையும் காட்டிக்கொடுக்காது.
முதலாவதில் வெறும் வெளிச்சம். கூமுட்டை.
இரண்டாவதில் சிவப்பு நூல்கள்,
நடுவில் ஒரு கடுகு துடித்தது.
மூச்சை விட்டால் அணைந்துவிடுமோ என்று
அவளும் கொஞ்ச நேரம் மூச்சு விடவில்லை.
கூமுட்டை மொத்தம் இரண்டு.

பதினான்காம் நாள் நெஸ்தோர் வந்தான்.
ஏழு நாளும் அடுப்போரம் கிடந்தான்.
தின்ன மட்டும் எழுந்தான், நோட்டரியைப் போலவே.
இருபதாம் இரவு
ஒரு முட்டையை அவன் காதில் வைத்தாள்.
நெடுநேரம் கழித்துச் சொன்னான்,
"உள்ளே ஆள் இருக்கிறது."
காலை ஆறு மணிப் படகு அவனை ஏற்றிக்கொண்டது.
ஆறே காலுக்கு முதல் விரிசல்.

குரல்பதிவு அனுப்பினாள்.
அவள் பேசவில்லை.
பதினொரு நொடி, கீச்சொலி மட்டும்.

ஏழில் ஒன்று ஓட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.
மிச்சம் ஆறு.
வருகிற வருடம் எத்தனை டஜன் நீலம் என்று
காலண்டர் முதுகில் கணக்குப் போட்டாள்.

நான்காம் மாதம் ஒரு குஞ்சு
துருப்பிடித்த கீல் போலக் கத்திப் பார்த்தது.
மறுநாள் இன்னொன்று.
வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து.
ரெமிஹியோவைக் கூப்பிட்டாள். "சேவல் வேண்டுமா?"
"எனக்கு வரவேண்டியது அரை மூட்டைக் கிழங்கு," என்றான்.

நாளை சனிக்கிழமை. நெஸ்தோரின் படகு.
கத்தியைத் தீட்டினாள்,
கல்லைக் கழுவினாள்,
மறுபடியும் தீட்டினாள்.
ஐந்து தொண்டைகளும்
நடுப்பகலை விடியல் என்று அறிவித்தன.
கூவாத ஆறாவது
விறகுக்கட்டின் அடியில் எதையோ
ஒரு தடவை பார்த்தது.
இன்னொரு தடவை பார்த்தது.